ஒன்று முதல் ஒன்பது வரை

3-5-1999, திங்கள்

கரண்ட் இருந்தபோது போன் லைன் இல்லை. லைன் வந்தபோது கரண்ட் போய்விட்டது. இரண்டும் ஒன்றாக வந்த கொஞ்ச நேரத்தில் மோடம் மதுரைக்கு போன் போட்டு, கீச்கீச்சென்று கத்தி, பிஸி என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. முதலாளி காமராஜ் சார் கேட்டார், "என்னம்மா, கோழி முட்டை போடுமா போடாதா?" ராஜபாளையத்தில் இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் சென்டர் என்று வாசலில் போர்டு வைத்தவர் அவர்தான். உள்ளே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நான்.

இந்த லட்சணத்தில் என் எம்.சி.ஏ. புராஜெக்டின் தலைப்பு, வெப்சைட்டுகளின் தரத்தை அளந்து வரிசைப்படுத்துவது. தபால்வழிப் படிப்பு என்றால் தலைப்பை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், எடுத்துக்கொண்டேன். ஆசை யாரை விட்டது.

முறை என்னவோ அழகான முறைதான். எது முக்கியம் என்று மொத்தமாகக் கேட்டால் ஆள் விழிப்பான். இரண்டிரண்டாகக் கேட்க வேண்டும். பிரியாணிக்குக் கறி முக்கியமா, அரிசி முக்கியமா? எவ்வளவு முக்கியம்? சமம் என்றால் ஒன்று. கொஞ்சம் உசத்தி என்றால் மூன்று. பேச்சுக்கே இடமில்லை என்றால் ஒன்பது. அதற்கு மேல் அளவு கிடையாது. இப்படி எல்லா ஜோடியையும் கேட்டுக் கணக்குப் போட்டால் எதற்கு என்ன எடை என்று வந்துவிடும். இன்னொன்றும் வரும், அதுதான் எனக்குப் பிடித்தது: பதில் சொன்ன ஆள் தனக்குத்தானே எவ்வளவு முரண்படுகிறான் என்று ஓர் எண். கறி அரிசியைவிட உசத்தி, அரிசி நெய்யைவிட உசத்தி என்று சொல்லிவிட்டு, நெய் கறியைவிட உசத்தி என்றால் அந்த எண் ஏறிவிடும். 0.1-ஐத் தாண்டினால் திரும்பப் போய் அவனையே கேட்க வேண்டும்.

6-5-1999, வியாழன்

கடையநல்லூரிலிருந்து போட்டோ வந்திருக்கிறது. அகமது கபீர், துபாயில் சூப்பர்வைசர். நிக்காஹ் முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிப் போவாராம். அம்மா போட்டோவை டி.வி. மேல் வைத்திருக்கிறாள், செய்தி பார்த்தாலும் அவரைப் பார்த்தாக வேண்டும்.

ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். மீசை ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. போட்டோக்காரனைக் குறை சொல்லலாம்.

பெண்ணைப் பெற்றவர் என்ன சொல்கிறீர்கள் என்று அம்மா அத்தாவைக் கேட்டாள். மாங்காய் சீசன் முடியட்டும் என்றார். தரகு மண்டியில் நிற்பவருக்கு சீசனில் சொந்த மூக்கைச் சொறியக்கூட நேரமிருக்காது, அதனால் அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

9-5-1999, ஞாயிறு

சும்மா இருந்த கையை வைத்துக்கொண்டு கபீருக்கும் என் டீச்சர் வேலைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நிம்மதி, படிப்பு, ஊர் பார்ப்பது, அம்மாவின் வாயை மூடுவது, இந்த நான்கும் அளவுகள்.

நிம்மதி படிப்பைவிட உசத்தி. படிப்பு ஊர் பார்ப்பதைவிட உசத்தி. ஊர் பார்ப்பது நிம்மதியைவிட உசத்தி. அம்மாவின் வாய் எல்லாவற்றையும்விட உசத்தி, படிப்பைத் தவிர.

முரண் 0.38. என்னையே நான் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கேட்டேன். 0.41 ஆயிற்று.

14-5-1999, வெள்ளி

நல்ல சேதி. பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் சோலைராஜ் அண்ணாச்சி சென்டருக்கு வந்தார். இரண்டு ஊருக்கும் சேர்த்து உள்ள வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ராஜபாளையத்துச் சரக்கையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கையும் உலகத்துக்குக் காட்ட சங்கத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று போன மாதமே சொல்லியிருந்தார். மூன்று பேர் மாதிரி செய்து காட்டியிருக்கிறார்கள். மதுரையில் ஒரு பெரிய கம்பெனி, சிவகாசியில் ஒரு பிரஸ்காரர், எங்கள் சென்டர். எங்கள் சென்டர் என்றால் நான்.

எதை எடுப்பது என்று சங்கத்தில் மூன்று கூட்டம் போட்டும் முடியவில்லை. காமராஜ் சார் என் புராஜெக்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "நீயே கணக்குப் பண்ணிக் குடும்மா" என்றார் அண்ணாச்சி. அந்த மூன்றில் ஒன்று என் கையால் செய்தது என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மதிப்புப் போடுவது நாங்கள், கூட்டிப் பெருக்குவதுதானே நீ, வாய்ப்பாடு யார் பக்கமும் சாயாது என்றார். மூன்றுக்கும் பெயர் எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று மட்டும் வைத்திருக்கிறோம். என்னுடையது இ.

இது மட்டும் ஜெயித்தால் அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எனக்குத்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் சங்க ஆபீசில். சாப்பிடும்போது அத்தாவிடம் சொன்னேன். அவரும் அந்தச் சங்கத்துக் கமிட்டியில் ஓர் ஆள். "வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா கடையநல்லூர்க்காரவுகளுக்கு ஒரு பதில் சொல்லலாம். சும்மா படிக்கா, படிக்கான்னு எம்புட்டு நாளைக்குச் சொல்ல" என்றார்.

ஆக, இ ஜெயித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். தோற்றால் துபாய். அம்மா மட்டும் ரசத்தை வேகமாக ஊற்றினாள்.

17-5-1999, திங்கள்

மூன்றையும் இன்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தேன்.

அ, மதுரை. முகப்பில் ஓர் உலக உருண்டை சுற்றுகிறது. அது வந்து சேர்வதற்குள் தண்ணீர் குடித்து, மாணவிகள் இருவரின் சண்டையைத் தீர்த்துவிட்டு வந்தேன். ஆனால் உள்ளே சரக்கு உண்டு. ஆள் அனுப்பி ஒவ்வொரு கடையிலும் விசாரித்திருக்கிறார்கள்.

ஆ, சிவகாசி. கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் பூ, நடுவில் குத்துவிளக்கு, கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று சங்கத்து ஆட்கள் பெயர். தொலைபேசி எண் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இ, அடியாள். கண் மூடித் திறப்பதற்குள் திறக்கும். தேடுவது உடனே கிடைக்கும். அழகு என்று சொல்ல முடியாது. சரக்கு... பேண்டேஜ் துணிக்கு மூன்று வரிதான் எழுதியிருக்கிறேன், அதுவும் சென்டரில் உட்கார்ந்தே. சரி, யார் பார்க்கப் போகிறார்கள்.

வீட்டில் வந்து என்னுடையதுதான் அழகில்லாத வேகக்காரி என்று சொல்லிச் சிரித்தேன். அத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார். பெயரை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று வைத்தவள் நான்தான்!

23-5-1999, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் சங்க ஆபீஸ். ஐந்து பேர் கமிட்டி: சோலைராஜ் அண்ணாச்சி, பால்கோவா ஐயாதுரை, நாய் வளர்க்கும் வீரணன், ஆலங்குளம் சிமெண்ட் எடுத்து விற்கும் கருத்தையா, அத்தா.

காலையில் மூன்று சைட்டையும் திறந்து காட்டி, வேகத்தில் யார் முதல், அழகில் யார் முதல் என்று மார்க் போட்டாயிற்று. அது சுலபமாக முடிந்தது. வேகத்திலும் சுலபத்திலும் இ. அழகிலும் சரக்கிலும் அ. ஆ-வுக்கு ஆறுதல் பரிசு.

இனி வேகம், அழகு, சரக்கு, சுலபம் இந்த நான்கில் எதற்கு எவ்வளவு எடை என்று சொல்ல வேண்டும். ஜோடி ஜோடியாகக் கேட்டேன்.

இங்கேதான் வினை. பழைய கூட்டங்களில் வேகம் வேண்டும் என்று முதலில் சொன்னவர் வீரணன். அழகு வேண்டும் என்றவர் ஐயாதுரை. சரக்கு சோலைராஜ் அண்ணாச்சி சொன்னது, சுலபம் கருத்தையா சொன்னது. இப்போது அண்ணாச்சியை, "வேகமா, அழகா?" என்று கேட்டால் வீரணன் ஒரு பக்கம் பார்க்கிறார், ஐயாதுரை ஒரு பக்கம் பார்க்கிறார். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் சமந்தாம்மா" என்றார். அடுத்தது ஐயாதுரை. சமம். கருத்தையா, அவர் சொன்னதையே அவரிடம் கேட்டும், சமம். வீரணன் மட்டும் நாய் குரைக்கும் சத்தத்தையும் சைட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு, சமம் என்றார். அத்தாவும் சமம்.

ஐந்து பேர், எல்லா ஜோடியும் ஒன்று. முரண் சுத்தமாகப் பூஜ்யம். இதைவிட ஒற்றுமையான சங்கம் உலகத்தில் கிடையாது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பால்கோவா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

24-5-1999, திங்கள்

சமம். சமம். சமம். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எடை எல்லாம் ஒன்று என்றால் அ-வும் இ-யும் ஒரே இடத்தில் நிற்கின்றன, முடிவே வராது.

29-5-1999, சனி

மதுரைக்குப் போய் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். பக்கத்தைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். "இது விவரமில்லையம்மா, மரியாதை" என்றார்.

தனித்தனியாக வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொன்னார். ஒருவரிடம் தனியாகக் கேட்டால் மறுநாள் மற்ற நால்வரும், அவரிடம் என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார் என்று என்னைத் துளைத்துவிடுவார்கள் என்றேன். அவருக்கு நம் ஊர் வியாபாரிகளைத் தெரியாது. ஜூலைக்குள் புள்ளிவிவரம் வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்றார். அடுத்த வருஷம் நான் எந்த நாட்டில் இருப்பேனோ.

2-6-1999, புதன்

இன்று அம்மாவுக்குக் கால் வலி. அத்தாவுக்குச் சோறு கொண்டுபோனேன். மண்டியில் சப்பட்டை மாங்காய் மலையாகக் குவிந்திருந்தது. கூமாப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த தோப்புக்காரர் ஒருவர் அத்தாவிடம் வந்து நின்றார். அத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டார். அவர் துண்டுக்குள் கைவிட்டார். முகத்தில் ஒன்றுமில்லை இருவருக்கும், மழையைப் பற்றித்தான் பேசினார்கள். உள்ளே விரல் விரலைப் பிடித்து விலை பேசுகிறது. பிறகு வாங்க வந்த ஆள், அவரும் அப்படியே. சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். யார் என்ன விலை கேட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஒருவருக்கும் ஒருவர்மேல் வருத்தமில்லை.

சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்று முதல் ஒன்பது. ஒரு கைக்கு ஐந்து விரல். ஐந்துக்கு மேல் என்றால் அதே கையில் இரண்டு பிடி!

அத்தா என்னைப் பார்த்து, "ஏட்டி, பசிக்கு. என்ன சிரிக்கே?" என்றார்.

6-6-1999, ஞாயிறு

நடந்துவிட்டது. இதற்கு அமெரிக்காவில்கூட ஒருவனும் காப்புரிமை வாங்கியிருக்கமாட்டான்.

சங்க ஆபீஸின் உள்ளறையில் அத்தா துண்டோடு உட்கார்ந்தார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அத்தா ஜோடியைச் சொல்வார். முதலில் சொன்னது உசத்தி என்றால் அவருடைய வலது கை விரலைப் பிடிக்க வேண்டும், இரண்டாவது என்றால் இடது கை. எத்தனை விரல் என்பது எவ்வளவு உசத்தி என்பது. பொம்பளைப் பிள்ளை நான் வெளியறையில் காத்திருந்தேன். உள்ளேயிருந்து அத்தாவின் குரல் மட்டும் வரும், "வேகமா, சரக்கா?" பிறகு அமைதி. பிறகு "சரி".

உள்ளே போகும்போது கூச்சத்தோடு போன ஆட்கள் வெளியே வரும்போது மனப்பாரம் இறங்கின முகத்தோடு வந்தார்கள். ஐயாதுரை என்னிடம், ரொம்ப நாளாக மனதில் இருந்ததைப் பிடித்துவிட்டேன் என்றார்.

கடைசியில் அத்தா வெளியே வந்து ஐந்து பேருடையதையும் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். வரிசையை மாற்றித்தான் சொல்வேன், யாருடையது எது என்று கேட்கக் கூடாது என்றார். அவருடையதும் அதற்குள் இருக்கிறதாம். தன் விரலைத் தானே எப்படிப் பிடித்தார் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

13-6-1999, ஞாயிறு

கணக்குப் போட்டு முடித்தேன். நான்கு பேர் கண்ணாடி மாதிரி தெளிவு. முரண் எல்லாம் 0.1-க்குக் கீழே. ஐந்தாவது ஆள்...

வேகம் அழகைவிட ஐந்து மடங்கு உசத்தியாம். அழகு சரக்கைவிட உசத்தியாம். அப்புறம் சரக்கு வேகத்தைவிட ஐந்து மடங்கு உசத்தியாம். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. வீரணனாக இருக்குமோ?

இப்போது கேளுங்கள். இந்தக் கிறுக்கருடைய விரலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மயிரிழையில் இ முதல். அதாவது நான். அவரைத் தள்ளிவிட்டால் மதுரை முதல். விதிப்படி அவரைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் எனக்கு வேலை, எனக்குப் படிப்பு, எனக்கு ஊர். யாருக்குத் தெரியப் போகிறது? என்னைத் தவிர இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த இரண்டு ஊரிலும் இல்லை.

பேனாவை மூடிவிட்டேன்.

14-6-1999, திங்கள்

திறந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. திரும்பக் கேட்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மதுரைப் பேராசிரியர் முன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், எனக்குப் பொய் சொல்ல வராது. அத்தாவிடம் சொன்னேன்: ஐந்தாவதாகச் சொன்ன ஆளை மறுபடி கேட்டு வாருங்கள்.

அத்தா துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டார். "அந்த ஆளு ரெண்டு மனசா இருக்காரு. செத்தப் பொறு" என்று மட்டும் சொன்னார்.

19-6-1999, சனி

பொறுமை என் குணமில்லை. அத்தாவுக்குத் தெரியாமல் துப்பறிந்தேன்.

முதலில் வீரணன். நாய்களைப் பார்க்க வந்ததுபோலப் போனேன். பேச்சோடு பேச்சாக, வெப்சைட்டில் எது முக்கியம் என்றேன். "நாய்க்கும் சரி, எதுக்கும் சரி, ஓட்டந்தான். அழகா நின்னா என்ன பிரயோசனம்?" என்றார். இவருக்கு மனது ஒன்றே ஒன்றுதான்.

ஐயாதுரை கடையில் கால் கிலோ வாங்கிக்கொண்டே கேட்டேன். அழகுக்கு ஆடுகிற ஆள் என்று நினைத்தேன். பெட்டி அழகாக இருந்தால் ஒருதரம் வாங்குவான், மறுதரம் வரவேண்டும் என்றால் சரக்குத்தான் என்றார். கூட்டத்தில் ஏன் அழகு என்று சொன்னீர்கள் என்றதற்கு, யாராவது சொல்ல வேண்டாமா என்கிறார்.

கருத்தையா ஆலங்குளம் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். போன் நம்பர் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்றார். சோலைராஜ் அண்ணாச்சியைக் கேட்கவே தேவையில்லை, அவர் சாப்பிடும்போதுகூட சரக்கு என்றுதான் பேசுவார்.

அப்புறம் யார்?

20-6-1999, ஞாயிறு

அம்மா சொன்னாள்: "ஒங்க அத்தாவுக்கு என்னட்டி வந்துச்சு? நாலஞ்சு நாளா சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காக. கடையநல்லூருக்கு வெள்ளிக்கெழம போன் பண்றேன்னாக, பண்ணல. சரி, வேண்டாம்னு சொல்றாகளான்னா அதுவும் இல்ல."

நான் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தேன். உரிக்க உரிக்கத்தான் விளங்கியது.

அன்று ரசம் ஊற்றும்போது இ ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று பேசினோம். என்னுடையது அழகில்லாத வேகக்காரி என்று சிரித்துச் சொன்னவள் நான். வேகத்துக்கு விரல் கூட்டினால் மகள் இங்கே. சரக்குக்குக் கூட்டினால் மகள் அங்கே. இரண்டையும் கூட்டி, நடுவில் அழகையும் இழுத்துவிட்டு, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார் ஐந்தாவது ஆள். நான் அவரைக் கிறுக்கர் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையை அடிக்கவா, விட்டுவிடவா? இருக்கட்டும். என்னுடைய முரண் 0.41. நான் மட்டும் என்ன ஒழுங்கு.

வெங்காயத்தினால்தான் கண்ணில் தண்ணீர் என்று அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. அத்தா, ஏன் என்னைக் கேக்கல? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டா என்ன?

கேட்கமாட்டார். எங்கள் வீட்டில் பெண்ணிடம் மாப்பிள்ளையைப் பற்றி அத்தா கேட்கிற வழக்கமில்லை. அம்மா கேட்பாள். அம்மாவிடம் நான் சமம் என்பேன். எல்லாம் சமம்.

27-6-1999, ஞாயிறு

மண்டியில் மாங்காய் குறைந்துவிட்டது. சீசன் முடியப் போகிறது. அத்தா இன்னும் ஐந்தாவது ஆளைக் கேட்கவில்லை.

4-7-1999, ஞாயிறு

சங்கத்தில் அவசரக் கூட்டம். முடிவு எங்கே என்று கேட்டார்கள். ஒருவருடைய பதிலில் சின்னச் சிக்கல், அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். நான்கு பேரும் மற்ற மூவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஐந்தாவது ஆள் சன்னலைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் நானும் அத்தாவும். ரயில்வே கேட் அடைத்திருந்ததால் பஸ் நின்றுவிட்டது. வெள்ளரிக்காய் விற்கிறவள் சன்னல் சன்னலாக வந்தாள். அத்தா இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி சொன்னேன், "அத்தா, அந்த ரெண்டு மனசுக்காரரு நீங்கதான?"

அத்தா அடைத்திருந்த கேட்டைப் பார்த்தார். வெள்ளரிக்காயைத் தின்று முடித்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்து எங்கள் இருவர் கைக்கும் மேல் போட்டார். எதிர்ச் சீட்டில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் எங்களைப் பார்க்கவில்லை.

"இங்கன இருக்கிறது வலது கை. துபாய் இடது கை. யாரு வாய்க்கும் பயப்படாத. புடி" என்றார்.

வெள்ளரிக்காயை மடியில் வைத்தேன். எத்தனை கூட்டம், எத்தனை கணக்கு, எத்தனை பேரை இப்படி உள்ளே அனுப்பியிருக்கிறேன். என்னை யாரும் அனுப்பியதில்லை. வேலை கிடைக்குமா, மதுரை ஜெயிக்குமா என்றெல்லாம் அந்த நேரத்தில் நினைவில்லை. கேட்டது அது இல்லை. என்ன வேண்டும் என்றுதான் கேட்டார்.

பிடித்தேன். எந்தக் கை, எத்தனை விரல் என்று இங்கேயும் எழுதமாட்டேன். துண்டுக்குள் சொன்னது துண்டோடு.

அத்தா செத்த நேரம் அப்படியே என் கையை வைத்திருந்தார். ரயில் போயிற்று, கேட் திறந்தது. "சரி" என்றார், மாங்காய்க்காரரிடம் சொல்கிற அதே "சரி". துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

5-7-1999, திங்கள்

காலையில் அத்தா பல் விளக்கிவிட்டு வந்து, ஐந்தாவது ஆளைக் கேட்டுவிட்டேன், எழுதிக்கொள் என்றார். கடகடவென்று சொன்னார்.

சரக்கு எல்லாவற்றையும்விட உசத்தி. அழகைவிட ஏழு. வேகத்தைவிட ஐந்து. "தோல் எம்புட்டு மினுக்குனாலும் அறுத்துப் பாக்காம நான் வாங்குனதே கெடையாது" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

முரண் 0.04. ஐந்து பேரிலும் சுத்தமான கணக்கு இதுதான்.

மதுரை முதல். நான் இரண்டாவது. மயிரிழை எல்லாம் இல்லை, நல்ல வித்தியாசம்.

என்னைத் தோற்கடித்தது என் அத்தாவின் விரல்! கோபம் வந்தது, தட்டை டொக்கென்று வைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. நேற்று என்னைக் கேட்டுவிட்டார். ஆகவே இன்று என்னைப் பார்க்காமல், வெப்சைட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது. பேண்டேஜ் துணிக்கு மூன்று வரி எழுதினவளுக்கு இது வேண்டியதுதான்.

மாலையில் டி.வி. மேல் போட்டோ இல்லை. அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் முட்டை பொரித்து வைத்திருந்தாள்.

11-7-1999, ஞாயிறு

சங்கத்தில் முடிவைச் சொன்னேன். அ என்றால் மதுரை, இ என்றால் நான் என்று அப்போதுதான் வெளியே சொன்னது. வீரணன், "அப்ப நீ தோத்துட்டியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "நீதான கணக்குப் போட்ட?" ஆமாம் என்றேன். ஒன்றும் புரியாமல் என் மண்டையைப் பார்த்தார்.

கூட்டத்துக்கு வந்திருந்த காமராஜ் சார் வெளியே வந்ததும், கோழி முட்டை போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டது என்றார்.

22-8-1999, ஞாயிறு

மதுரைக்காரர்கள் சைட்டை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். விலை மாறினால், முகவரி மாறினால் யார் மாற்றுவது? இங்கே ஓர் ஆள் வேண்டும் என்று சோலைராஜ் அண்ணாச்சிக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது. நேராக வீட்டுக்கு வந்து அத்தாவிடம் பேசினார். தனக்கு எதிராகத் தானே கணக்குப் போட்ட பிள்ளை வேறு யார் கிடைக்கும் என்றாராம்.

அத்தா என்னிடம் கேட்டார். வாயால்.

9-9-1999, வியாழன்

சங்க ஆபீஸில் நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கு அட்டை வைத்திருக்கிறேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ், மாலையில் ராஜபாளையம் பஸ், நடுவில் பேண்டேஜ் துணி நெய்யும் இடங்களுக்குப் போய் விவரம் எழுதுகிறேன். மூன்று வரி இப்போது நான்கு பக்கம்.

14-10-1999, வியாழன்

உலக உருண்டையை இன்று எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. வீரணன் மட்டும், சைட் இப்போது நல்ல ஓட்டம் ஓடுகிறது என்றார்.

20-11-1999, சனி

மதுரையில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். துண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன துண்டு என்றார். என் கைக்குட்டையைப் போட்டு என் வழிகாட்டிப் பேராசிரியர் கையைப் பிடித்தா காட்ட முடியும்? வாயால் சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் கேட்டார்கள். எல்லாம் சமம் என்று சொன்ன ஆட்கள் இதில் எப்படி மாறினார்கள் என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

அறைக்கு வெளியே அத்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

கடைசியாகப் பரிசோதகர் கேட்டார், "இந்த முறையில் ஒன்பதுக்கு மேல் அளவு கிடையாது. பதில் சொல்பவர் அதற்கும் மேலே சொல்ல நினைத்தால்? அப்படி யாராவது பத்து விரல் பிடித்தார்களா?"

"ஒரே ஒரு தடவை, சார்" என்றேன். "அது இந்தப் புராஜெக்டில் இல்லை."

வெளியே அத்தா இருமினார்.